வாங்கிய அன்றே தொடங்கும் கைவிடல்

"வீடு மாறுகிறோம்." "மனைவி கர்ப்பமாக இருக்கிறார்." "குழந்தைக்கு இளைப்பு வருகிறது." "அடுக்ககச் சங்கத்தில் நாய் கூடாது என்கிறார்கள்." "அடுத்த வாரம் ஜெர்மனி போகிறோம்." வளர்த்த நாயை ஒப்படைக்க அழைப்பவர்கள் சொல்லும் காரணங்கள் பெரும்பாலும் இந்த ஐந்துக்குள் அடங்கிவிடும். சென்னையில் லேப்ரடார் நாய்களையும், ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி போன்ற நம் ஊர் இனங்களையும் மீட்டு, அவற்றுக்கு வேறு வீடு தேடித் தரும் சிறு குழு ஒன்றில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். இந்தக் காரணங்களைப் பொய் என்று நான் ஒதுக்குவதில்லை. ஆனால் வீடு மாறும்போது நாயையும் கூட்டிக்கொண்டு போகிறவர்களும் இதே ஊரில்தான் இருக்கிறார்கள். நாயோடு குழந்தையை வளர்த்தவர்களும் இருக்கிறார்கள். கொஞ்சம் பொறுமையாகப் பேசினால் அடுத்த அடுக்கு வெளியே வரும். நாய் சோபாவைக் குதறிவிட்டது. பாட்டியைத் தள்ளிவிட்டது. நடைக்குக் கூட்டிப்போனால் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. இரவெல்லாம் குரைக்கிறது. மொட்டை மாடியில் கட்டிப்போட்டு மாதக்கணக்காகிறது. வீடு மாறுவது கடைசித் தள்ளல் மட்டுமே. நாய் அந்தக் குடும்பத்துக்கு வெளியே போய் வெகுநாள் ஆகியிருக்கும்.

இதில் என்னை வருத்துவது ஒன்றுண்டு. இந்தக் குறைகளில் பெரும்பாலானவை அந்த இனத்தைப் பற்றித் தெரிந்த எவரும் முன்கூட்டியே சொல்லியிருக்கக் கூடியவை. குட்டி வாங்கும் அன்று யாராவது அரை மணி நேரம் உட்கார்ந்து பேசியிருந்தால் அந்த நாய் அந்த வீட்டுக்கே போயிருக்காது, அல்லது போன வீட்டிலேயே முதுமை வரை இருந்திருக்கும்.

லேப்ரடாரிலிருந்து தொடங்குகிறேன், எங்களுக்கு அதிகம் வருவது அதுதான். "குழந்தைகளோடு நன்றாகப் பழகும், யாரையும் கடிக்காது, முதன்முதலாக நாய் வளர்ப்பவர்களுக்கு ஏற்றது" என்று சொல்லி விற்கிறார்கள். பாதி உண்மை. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலோரத்தில் மீனவர்களோடு குளிர்ந்த நீரில் வேலை செய்த நாய்களின் வழிவந்த இனம் இது. பிறகு பிரிட்டனில், சுட்டு விழும் பறவையை நாளெல்லாம் ஓடி எடுத்து வருவதற்காக வளர்த்தெடுக்கப்பட்டது. முழு வளர்ச்சியில் ஆண் நாய் 30 கிலோவைத் தாண்டும். உடம்பு ஒரு வயதுக்குள் பெரிதாகிவிடும். புத்தி அடங்க இரண்டு, மூன்று வயது ஆகும். எங்களுக்கு வரும் லேப்ரடார்களில் பெரும்பகுதி எட்டு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடைப்பட்டவை. பஞ்சுப் பந்து போலிருந்த குட்டி, பால்கனியில் அடைபட்ட இளங்காளையாக மாறும் வயது அது.

ப்ரூனோவை மேடவாக்கம் பக்கமிருந்து கொண்டுவந்தார்கள். "ஹைப்பர் ஆக்டிவ், வீட்டில் எதையும் விட்டுவைப்பதில்லை, திருட்டுப் புத்தி" என்று எழுதியே கொடுத்தார்கள். இரண்டு வயது, பழுப்பு நிறம். காலையில் வீட்டைச் சுற்றி ஐந்து நிமிடம் கூட்டிப்போவது ஒன்றே அவனுக்குக் கிடைத்த உடற்பயிற்சி. அந்தத் திருட்டுப் புத்தியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2016இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், லேப்ரடார்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு பிஓஎம்சி என்ற மரபணுவின் ஒரு துண்டு விடுபட்டிருப்பதைக் கண்டார்கள். வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் சொல்லும் ஏற்பாட்டில் பங்குள்ள மரபணு அது. அந்தக் குறையோடு பிறந்த நாய்க்குச் சாப்பாட்டின் மீது மற்ற நாய்களைவிட ஆசை கூடுதல். மேசையில் வைத்த இட்லியை எடுத்ததற்காக அதை அடிப்பதில் பயனில்லை. இட்லியை எட்டாத இடத்தில் வைப்பதுதான் தீர்வு. அதே ஆசையைப் பயிற்சிக்கும் பயன்படுத்தலாம். இடைக்கால வீட்டில் ப்ரூனோவுக்குக் காலையும் மாலையும் நீண்ட நடை கொடுத்தோம். சாப்பாட்டைத் தட்டில் போடாமல் வீடெங்கும் ஒளித்துவைத்து, மோப்பம் பிடித்துத் தேடிச் சாப்பிட விட்டோம். சில வாரங்களில் மதிய நேரம் முழுக்கக் கால் நீட்டித் தூங்கும் நாயாகிவிட்டான். மருந்தில்லை, மாயமில்லை. அவன் உடம்பு எதற்காக உருவானதோ அதில் ஒரு பங்கைக் கொடுத்தோம், அவ்வளவுதான்.

ஆகவே ஒப்படைக்க அழைப்பவர்களிடம் நாங்கள் முதலில் "கொண்டுவாருங்கள்" என்று சொல்வதில்லை. ஒரு நாளில் அந்த நாய் என்னென்ன செய்கிறது என்று மணி வாரியாகச் சொல்லச் சொல்கிறோம். எத்தனை மணிக்கு வெளியே போகிறது, எவ்வளவு நேரம், யார் கூட்டிப்போகிறார்கள், பகலில் எங்கே இருக்கிறது, இரவில் எங்கே படுக்கிறது. சொல்லிக்கொண்டே வரும்போது பலருக்குத் தாமாகவே விஷயம் புரிந்துவிடுகிறது. அப்போது ஒரு மாதம் அவகாசம் கேட்போம். கருத்தடை ஆகவில்லை என்றால் செய்துகொடுப்போம். நடை கூட்டிப்போகப் பக்கத்துத் தெருக் கல்லூரி மாணவர் யாரையாவது சம்பளத்துக்குப் பிடித்துத் தருவோம். எங்கள் குழுவில் மூத்தவரான ஒரு அக்கா வாரம் ஒருமுறை அழைத்து விசாரிப்பார். இப்படிப் பழைய வீட்டிலேயே தங்கிவிட்ட நாய்களைப் பற்றிப் படம் போட்டு எழுத முடியாது, யாரும் கைதட்டவும் மாட்டார்கள். என் மதிப்பீட்டில் ஓர் இன மீட்புக் குழு செய்யும் வேலையில் ஆகச் சிறந்தது இதுதான். காப்பகத்துக்கு வராமலே தடுக்கப்பட்ட நாய், காப்பகத்தில் இன்னொரு நாய்க்கு இடம் கொடுக்கிறது.

கர்ப்பம் என்ற காரணத்துக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று பயமுறுத்தப்படும் டாக்சோபிளாஸ்மா கிருமியின் முட்டைகளை மலத்தில் வெளியேற்றுவது பூனை இனம்தான், நாய் அல்ல. நாய்க்குத் தடுப்பூசியும் குடற்புழு மருந்தும் உண்ணி மருந்தும் தவறாமல் கொடுத்தால் போதும். குழந்தை வீட்டுக்கு வரும் முன்பே நாய் படுக்கும் இடம், சாப்பிடும் நேரம் ஆகியவற்றை மாற்றிப் பழக்க வேண்டும். வந்த பிறகு திடீரென்று மாற்றினால் நாய் அந்தக் குழந்தையோடு சேர்த்துத்தான் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். குழந்தையையும் நாயையும் பெரியவர் இல்லாமல் தனியே விடக் கூடாது, எவ்வளவு சாதுவான நாயாக இருந்தாலும்.

இனி, ஒப்படைக்கப்படாமல் வருபவை. நெடுஞ்சாலை ஓரத்திலும், பூட்டிய வீட்டு வாசலிலும், காப்பகத்தின் கேட்டில் கயிற்றோடும் கிடைப்பவை. இவற்றில் பெண் நாய்கள் தனிக்கதை. முலைகள் தொங்கி, முழங்கை காய்த்து, ரோமம் உதிர்ந்து, வயது ஆறோ ஏழோ இருக்கும் லேப்ரடார் அல்லது ஜெர்மன் ஷெப்பர்ட் பெண் நாய் தெருவில் கிடைத்தால், அது குட்டிக்காகவே வைத்திருக்கப்பட்டது என்று நாங்கள் எடுத்துக்கொள்வோம். அதிகமாகத் தண்ணீர் குடிக்கிறதா, பின்பக்கம் சீழ் வடிகிறதா, வயிறு உப்பியிருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். கருப்பையில் சீழ் கோத்திருந்தால் நாள் கடத்த முடியாது, அறுவை சிகிச்சை செய்து கருப்பையை எடுத்தால்தான் உயிர் பிழைக்கும். இத்தகைய நாய்களுக்குப் புல்தரையில் நடக்கத் தெரியாது. படி ஏறத் தெரியாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாது, ஏனென்றால் பெயரே இருந்திருக்காது. நாங்கள் லட்சுமி என்று பெயரிட்ட ஒருத்தி, அறைக்குள் மின்விசிறி சுற்றுவதைக் கண்டு நாளெல்லாம் கட்டிலுக்கடியில் கிடந்தாள். இன்று அவள் ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதியின் வீட்டில் இருக்கிறாள், கட்டிலுக்கு மேலே.

2017இல் மத்திய அரசு நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றிய விதிகளைக் கொண்டுவந்தது. இனப்பெருக்கம் செய்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. இந்த எட்டு வாரம் வெறும் சட்டச் சம்பிரதாயமில்லை. தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் விளையாடும்போதுதான், எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றதற்கு வலிக்கும் என்று குட்டி தெரிந்துகொள்கிறது. முப்பதாம் நாளே தாயிடமிருந்து பிரித்து, அட்டைப் பெட்டியில் வைத்து விற்கப்பட்ட குட்டிதான் பிறகு "கையைக் கடித்துவிடுகிறது" என்ற புகாரோடு எங்களிடம் வருகிறது. குட்டி வாங்குகிறவர்கள் தாய் நாயை நேரில் பார்க்காமல், அது வாழும் இடத்தைப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். "தாய் வேறு ஊரில் இருக்கிறது" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். கென்னல் கிளப் சான்றிதழ் இருக்கிறது என்பது வம்சாவளியைச் சொல்லும். அந்தத் தாய் எப்படி வைத்திருக்கப்பட்டாள் என்பதைச் சொல்லாது.

நம் நாட்டு இனங்களின் நிலை இன்னும் கொஞ்சம் வேறு. 2005இல் அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு இந்திய நாய் இனங்களின் அஞ்சல்தலைகளில் ராஜபாளையமும் ஒன்று. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு நாட்டு மாட்டின் மீது எழுந்த பற்று நாட்டு நாயின் பக்கமும் திரும்பியது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லி இந்திய இனங்களை வளர்க்கச் சொன்னார். நல்ல விஷயம்தான், நானும் மகிழ்ந்தேன். ஆனால் பெருமைக்காக வாங்கப்படும் நாய்க்கும் பசிக்கும், ஓடத் தோன்றும், தனிமை வாட்டும். தென் மாவட்டத்தின் வெட்டவெளியில் முயல் விரட்டிய நாயைச் சென்னை அடுக்ககத்தின் இரண்டு படுக்கையறைக்குள் வைப்பவர்களுக்கு அதை யாரும் சொல்லியனுப்பவில்லை.

ராஜபாளையத்தைப் பற்றி எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. வெள்ளை நிறம், இளஞ்சிவப்பு மூக்கு, பொன்னிறக் கண். இந்த அழகைக் கெட்டிப்படுத்தவே நெருங்கிய உறவுக்குள் இணைசேர்த்து வந்திருக்கிறார்கள். தோலுக்கும் ரோமத்துக்கும் நிறம் தரும் செல்கள் உள்காதிலும் வேலை செய்கின்றன. அங்கே அவை இல்லாவிட்டால், பிறந்த சில வாரங்களுக்குள் கேட்கும் திறன் அழிந்துபோகும். அதனால் இந்த இனத்தில் பிறவிச் செவிடு அரிதில்லை. எங்களிடம் வந்த வெள்ளையன் அப்படிப்பட்டவன். தாம்பரம் தாண்டி ஒரு வீட்டில் காவலுக்கென்று வாங்கியிருக்கிறார்கள். "முரட்டு நாய், கூப்பிட்டால் வருவதில்லை, தூங்கும்போது தொட்டால் கடிக்கிறது" என்றார்கள். ஒரு பயிற்சியாளரை வைத்து அடித்துப் பழக்கியும் பார்த்திருக்கிறார்கள். வந்த அன்றே எங்கள் குழுவில் ராஜபாளையம் வளர்த்த ஒருவர், அவன் வேறு பக்கம் பார்த்திருக்கும்போது பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டார். காதுகூட அசையவில்லை. காற்றோ தரை அதிர்வோ காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் தூரத்திலிருந்தும், வெவ்வேறு ஒலிகளாலும் திரும்பத் திரும்பப் பார்த்தோம். பிறகு மருத்துவரும் உறுதிப்படுத்தினார்.

அவனுடைய முரட்டுத்தனம் முழுவதற்கும் அங்கேயே விளக்கம் கிடைத்துவிட்டது. கேட்காத நாய் கூப்பிட்டால் எப்படி வரும்? தூக்கத்தில் யாரோ தொடும்போது திடுக்கிட்டுக் கடிப்பது எந்த உயிரும் செய்வது. கையசைவுகளால் பழக்கினோம். உள்ளங்கையைத் தரை நோக்கிக் காட்டினால் உட்கார், மார்பை நோக்கி இழுத்தால் வா. இருட்டில் டார்ச் விளக்கை இருமுறை சிமிட்டினால் வீட்டுக்குள் போக வேண்டும். எழுப்ப வேண்டுமானால் முதலில் அவன் படுத்திருக்கும் பாயின் ஓரத்தை மெல்லத் தட்டவோ, மூக்கருகே தீனியை நீட்டவோ வேண்டும். வார் இல்லாமல் வெளியே விடுவதே இல்லை. பின்னால் வரும் வண்டியின் ஒலி அவனுக்குக் கேட்காது. ஒரு பொதுக் காப்பகத்தில், நூற்றுக்கணக்கான நாய்களுக்கு நடுவில், இதைக் கண்டுபிடிக்க யாருக்கு நேரம் இருக்கும்? கடிக்கும் நாய் என்ற குறிப்போடு ஒரு கூண்டில் அவன் வாழ்நாள் கழிந்திருக்கும். இனம் தெரிந்தவர்கள் கையில் நாய் வரவேண்டும் என்று நான் இத்தனை அழுத்திச் சொல்வதற்கு வெள்ளையன் ஒருவன் போதும்.

சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்து விரட்டும் இனங்கள். ஓடும் எதையும் துரத்தும்: பூனை, ஆட்டுக்குட்டி, கோழி, சில சமயம் சைக்கிள். ஆள் உயரச் சுவரை அநாயாசமாகத் தாண்டும். "ஓடிப்போகிற நாய்" என்று ஒப்படைக்கப்படுகின்றன. ஆனால் தினமும் மூடிய மைதானத்தில் ஒரு முறை முழு வேகத்தில் ஓடவிட்டால், மீதி நேரம் வீட்டில் இருக்கும் இடம் தெரியாமல் சுருண்டு படுத்திருக்கும். குட்டை ரோமம், நம் வெயிலுக்கு ஏற்ற உடம்பு. விலா எலும்பு லேசாகத் தெரிவது இவற்றுக்கு இயல்பு. பட்டினி போடுகிறார்கள் என்று அக்கம்பக்கத்தார் நினைத்துப் பரிதாபப்பட்டுப் போடும் சோற்றில் நாய் பெருத்துவிடுகிறது. இன்னொன்று, உடம்பில் கொழுப்பு குறைவாக உள்ள இந்த வகை நாய்கள் சில மயக்க மருந்துகளிலிருந்து மீள அதிக நேரம் எடுக்கும். கருத்தடைக்குக் கொண்டுபோகும்போது இனத்தைச் சொல்லி, மருந்தின் தேர்வையும் அளவையும் பற்றி மருத்துவரிடம் முன்பே பேசிவிடுங்கள்.

ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. சென்னைச் சித்திரையில் அவற்றை வைத்திருப்பதே தவறு என்பது என் கருத்து. குளிர்சாதன அறைக்குள் ஒரு நாயின் ஆயுளைக் கழிக்கவைப்பது வளர்ப்பாகாது. பக் நாய்களும் அப்படித்தான். 2003இல் வந்த ஒரு கைபேசி நிறுவன விளம்பரத்துக்குப் பிறகு வீதிக்கு வீதி பக் வந்தது. மூக்கு சப்பையான நாய்க்கு மூச்சிரைத்து உடம்பைக் குளிர்வித்துக்கொள்ளும் வசதி குறைவு. நம் வெயில் அதற்கு உயிராபத்து.

ராட்வைலரின் கதை வேறு வகை. 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 இனங்களை ஆபத்தானவை என்று பட்டியலிட்டு மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதே ஆண்டு மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் உள்ள மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. அந்தக் குழந்தை பட்ட வேதனைக்கு எந்த நாய் ஆர்வலரும் சமாதானம் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அதன் பின் எங்கள் தொலைபேசி ஓயவில்லை. பல ஆண்டுகள் வளர்த்தவர்கள்கூட ஒரே இரவில் கைகழுவப் பார்த்தார்கள். நாங்கள் சொன்னது இதுதான்: உரிமம் வாங்குங்கள், கருத்தடை செய்யுங்கள், வெளியே கூட்டிப்போகும்போது வாய்ப்பூட்டும் குட்டை வாரும் போடுங்கள், நாயை அடக்கும் பலமில்லாதவர் கையில் கொடுத்தனுப்பாதீர்கள். தெருவில் அவிழ்த்துவிடப்பட்ட ராட்வைலர், வீட்டில் இருந்த ராட்வைலரைவிட ஊருக்குப் பலமடங்கு ஆபத்து.

அவிழ்த்துவிடுவது குற்றமும்கூட. பட்டினியாலோ தாகத்தாலோ வருந்த நேரும் நிலையில் ஒரு விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 11ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. முதல் முறைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. 1960இன் பணத்தில் எழுதிய தொகை இன்றும் அப்படியே நிற்கிறது. இதை உயர்த்த வேண்டும் என்று எத்தனையோ பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், நானும் கேட்கிறேன்.

"தெருநாய்கள் பிழைக்கவில்லையா, அதுபோல் இதுவும் பிழைத்துக்கொள்ளும்" என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். தெருநாய் தன் தெருவில் பிறந்து வளர்ந்தது. எந்த வீட்டில் எப்போது சோறு கிடைக்கும், எந்த வண்டி எப்படித் திரும்பும், எந்த எல்லையைத் தாண்டக் கூடாது என்று அதற்குத் தெரியும். அதனால்தான் கருத்தடையும் வெறிநாய்த் தடுப்பூசியும் போட்டு அதைப் பிடித்த இடத்திலேயே விடும் முறை வந்தது. சென்னையின் புளூ கிராஸ் அமைப்பு இந்த முறைக்கு இந்தியாவில் முன்னோடி. வீட்டு நாய்க்கு இந்த அறிவு எதுவும் கிடையாது. முதல் இரவே அந்தத் தெரு நாய்கள் அதைச் சூழ்ந்துகொள்ளும். உயிர் தப்பினாலும், உண்ணிக் காய்ச்சலோ பார்வோ என்ற வைரஸ் நோயோ வண்டியோ சில வாரங்களில் முடித்துவிடும்.

காப்பகத்துக்குக் கொண்டுவந்து விடுவது தெருவில் விடுவதைவிட மேல்தான். ஆனால் அதையும் முழுத் தீர்வென்று நினைக்கக் கூடாது. காப்பகங்கள் முதலில் அடிபட்ட, நோயுற்ற தெரு விலங்குகளுக்கானவை. சோபாவில் தூங்கிய நாய் அங்கே இரைச்சலில் மூன்று நாள் சாப்பிடாமல் சுவரைப் பார்த்தே படுத்திருக்கும். நோய் எதிர்ப்பு இறங்கும். பக்கத்துக் கூண்டின் நோய் தொற்றும். பார்க்க வருகிறவர்களுக்கு அது மந்தமான நாயாகவோ சீறும் நாயாகவோ தெரியும், அதன் உண்மையான குணம் யாருக்கும் தெரியாது. இன மீட்புக் குழு செய்வது அங்கிருந்து நாயை எடுத்து, அந்த இனத்தை வளர்த்துப் பழகிய ஒரு வீட்டில் சில வாரமோ மாதமோ வைத்துப் பார்ப்பது. குக்கர் விசிலுக்குப் பயப்படுகிறதா, குழந்தைகளோடு எப்படி இருக்கிறது, தனியே விட்டால் என்ன செய்கிறது, தட்டருகே கை கொண்டுபோனால் உறுமுகிறதா. இந்தக் குறிப்புகள்தான் அடுத்த வீட்டைத் தேர்ந்தெடுக்க உதவுகின்றன. உண்ணிக் காய்ச்சல் இருந்தால் டாக்சிசைக்ளின் மாத்திரை நான்கு வாரம் முழுதாகக் கொடுக்க வேண்டும். நாய் துள்ளத் தொடங்கிவிட்டது என்று பத்தாம் நாளில் நிறுத்தினால் திரும்ப வரும். கருத்தடை முடியாமல் எந்த நாயையும் கொடுப்பதில்லை.

தெருநாய்கள் இத்தனை தவிக்கும்போது விலை நாய்களுக்கு ஏன் தனிக் குழு என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. நியாயமான கேள்வி. லேப்ரடார் வேண்டும் என்று முடிவெடுத்துவிட்ட குடும்பத்தை நான் தெருநாய் பக்கம் திருப்ப முயல்வதுண்டு. சிலர் திரும்புகிறார்கள், பலர் திரும்புவதில்லை. திரும்பாதவர்கள் என்ன செய்வார்கள்? குட்டி விற்பவரிடம் போவார்கள், லட்சுமியைப் போன்ற இன்னொருத்தி இன்னொரு முறை சினையாக்கப்படுவாள். அவர்களை ஏற்கெனவே பிறந்து வீடிழந்து நிற்கும் லேப்ரடாரிடம் கூட்டிவருவது அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியை அறுக்கிறது.

தத்துக்கு வருபவர்களிடம் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, பகலில் நாய் எங்கே இருக்கும் என்பது. "கேட்டருகே", "மாடியில்", "பண்ணை வீட்டில், வாட்ச்மேன் பார்த்துக்கொள்வார்" என்று பதில் வந்தால் மரியாதையாக மறுத்துவிடுகிறோம். எடுத்த எடுப்பில் "பெண் நாயா, பேப்பர் இருக்கிறதா, கருத்தடை ஆகிவிட்டதா" என்று விசாரிப்பவர் குட்டி விற்க நினைக்கிறார் என்பது அனுபவத்தில் தெரிந்தது. வாடகை வீடு என்றால் வீட்டு உரிமையாளரிடம் நாங்களே பேசுகிறோம். வீட்டில் எல்லோரையும் பார்க்க வேண்டும் என்கிறோம், குறிப்பாக "வேண்டாம்" என்று சொல்லும் ஒருவரை. பெரும்பாலும் அம்மாதான் அது. கடைசியில் நாய்க்குச் சோறு வைக்கப் போகிறவரும் அவர்தான். அவர் மனதார ஒப்புக்கொள்ளாத வீட்டில் நாய் தங்காது. வீட்டுக்கு நேரில் போய்ப் பால்கனிக் கம்பி இடைவெளியும் கேட்டின் உயரமும் பார்ப்போம். எழுத்து ஒப்பந்தத்தில் முக்கியமான வரி ஒன்றுதான்: எந்த வயதில், எந்தக் காரணத்தால் வைத்திருக்க முடியாமல் போனாலும் நாய் எங்களிடமே திரும்ப வரவேண்டும்.

நாய் புது வீட்டுக்குப் போன முதல் நாட்களுக்கு மீட்பாளர்கள் நாங்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறோம்: மிரட்சி தெளிய 3 நாள், வீட்டு வழக்கம் பிடிபட 3 வாரம், நம் வீடு என்று உணர 3 மாதம். நாய்க்கு நாய் கூடும் குறையும். வந்த அன்றே குளிப்பாட்டாதீர்கள், உறவினரைக் கூட்டிவந்து காட்டாதீர்கள். பழைய வீட்டில் பால்சோறும் மேரி பிஸ்கட்டும் சாப்பிட்டுப் பழகியிருந்தால் அதிலிருந்தே தொடங்கி மெல்ல மாற்றுங்கள். ஓடிப்போகும் நாய்கள் பெரும்பாலும் முதல் வாரத்தில்தான் ஓடுகின்றன. கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் கவனம் வேண்டும். கழுத்துப்பட்டையில் தொலைபேசி எண்ணும், தோலுக்கடியில் மைக்ரோசிப்பும் இருந்தால் தொலைந்த நாய் திரும்ப வாய்ப்புண்டு.

அடுக்ககச் சங்கத்தின் கெடுபிடிக்கு: இந்திய விலங்கு நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, குடியிருப்போர் சங்கம் வளர்ப்புப் பிராணிகளை முற்றாகத் தடை செய்ய முடியாது. அதை அச்செடுத்து, தடுப்பூசிச் சான்றும் மாநகராட்சி உரிமமும் இணைத்து, கழிவை நாங்களே அப்புறப்படுத்துவோம் என்று உறுதி எழுதிக் கொடுத்தால் பல இடங்களில் பிரச்சினை முடிந்துவிடுகிறது. வெளிநாடு போகிறவர்களுக்கு: ஐரோப்பிய நாடுகளுக்கு இந்தியாவிலிருந்து நாயைக் கொண்டுபோக முதலில் மைக்ரோசிப், பிறகு வெறிநாய்த் தடுப்பூசி, அதிலிருந்து குறைந்தது 30 நாள் கழித்து ரத்தப் பரிசோதனை, ரத்தம் எடுத்ததிலிருந்து 3 மாதக் காத்திருப்பு என்று வரிசையாக இருக்கிறது. வேலைக்கு விண்ணப்பிக்கும்போதே இதைத் தொடங்கினால் நாயும் கூடவே வரலாம். விமான டிக்கெட் கையில் வந்தபின் தொடங்கினால் முடியாது.

எல்லா வழியும் அடைபட்டு, உண்மையாகவே ஒப்படைக்கத்தான் வேண்டும் என்ற நிலை சிலருக்கு வரும். தனியே இருந்த பெரியவர் இறந்துபோன வீடுகளில் அப்படி நடக்கிறது. அப்போது நேரம் கொடுங்கள். நாளை காலைக்குள் எடுக்க வேண்டும் என்று அழுத்தாதீர்கள். தடுப்பூசி அட்டை, உரிமம், மருத்துவச் சீட்டுகள் எல்லாவற்றையும் கொடுங்கள். அது படுத்த பழைய துணி ஒன்றையும் துவைக்காமல் கொடுத்தனுப்புங்கள். ஒரு தாளில் எழுதுங்கள்: எந்தப் பெயருக்குத் திரும்பும், எத்தனை மணிக்குச் சாப்பிடும், பட்டாசுக்கு எங்கே ஒளியும், யாரைக் கண்டால் உறுமும், எந்த இடத்தில் தொட்டால் பிடிக்காது. யாரையாவது கடித்திருந்தால் யாரை, எப்போது, எந்தச் சூழ்நிலையில் என்பதை மறைக்காமல் எழுதுங்கள். கடித்த நாய்க்கும் பொருத்தமான வீடு தேட முடியும், நாங்கள் தேடியிருக்கிறோம். தெரியாமல் ஒரு கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு அனுப்பிவிட்டால்தான் எங்களால் எதையும் திருத்த முடியாமல் போகும்.